பரீட்சை அட்டையில் வரைந்து தைத்த போர்வை: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. ஹால் பத்துக்குப் பத்து, அதிலும் பாதியை பீரோவும் தையல் மெஷினும் பிடித்துக்கொண்டன. இந்த லட்சணத்தில் கையால் பெயிண்ட் பண்ணிப் போர்வை தைக்கப் போகிறேன் என்றதும், "அப்போ நாங்க எல்லாரும் மொட்டை மாடிக்குப் போயிடவா?" என்றார் வீட்டுக்காரர். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. முதல் தடவை முழுத் துணியையும் தரையில் விரித்து வரைய உட்கார்ந்து, ராத்திரி சாப்பாட்டுக்குள் முடியாமல், ஈரம் காயாத மயிலின் மேல் சின்னவன் நடந்து போய், சமையலறை வரைக்கும் நீலக் கால் தடம். அந்த மயில் இப்போது அடுப்படியில் கரித்துணி.

அப்புறம்தான் சதுரம் சதுரமாக வரைந்து கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று புத்தி வந்தது. பெரியவளின் பழைய பரீட்சை அட்டை க்ளிப்போடு கிடந்தது. சதுரத்தை அதில் மாட்டி, அடியில் ஒரு பால் கவரை விரித்து, மடியில் வைத்துக்கொண்டு வரைந்தால் இடமே வேண்டாம். குக்கர் மூணு விசில் வருவதற்குள் ஒரு இலை முடிந்துவிடும். காயப்போட ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு. ஒரு மாதத்தில் 30 சதுரம்.

கணக்கில்தான் கோட்டை விட்டேன். காடா துணி 36 இஞ்ச் பன்னா (அகலம்), மூணேகால் மீட்டர். குறுக்கே 12 இஞ்சில் மூன்று சதுரம், ஐந்துக்கு ஆறு அடுக்கினால் 5 அடிக்கு 6 அடி என்று பெருமையாக எழுதி வைத்தேன். கஞ்சி போக அலசிக் காயவைத்தால் பன்னா ஒன்றரை இஞ்ச் சுருங்கிவிட்டது. அலசாமலும் விட முடியாது, பெயிண்ட் கஞ்சி மேலேயே உட்கார்ந்து துவைக்கும்போது உரிந்துவிடும். ஆக சதுரம் பதினொன்றரை, அதில் தையலுக்கு ஒரு இஞ்ச் போக பத்தரை. தையலுக்கு விடவேண்டும் என்பதையே மறந்திருக்கிறேன், பத்து வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள்! எல்லாம் சேர்த்து முடித்தால் நீளம் 5 அடி 3 இஞ்ச். வீட்டுக்காரர் படுத்தே காட்டினார், இரண்டு பாதமும் வெளியே. கடைசியில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் கரையை வெட்டிச் சுற்றிலும் 5 இஞ்ச் வைத்ததும் 6 அடியைத் தாண்டியது. மிச்சச் சேலையை இரண்டாக வெட்டி இணைத்து அடித்துணி. நடுவில் பஞ்சு இல்லை, இரண்டு பழைய வேட்டிதான். நம் ஊர் வெயிலுக்கு பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் போர்வை மே மாதமே பரணுக்குப் போய்விடும்.

முதல் ஐந்து சதுரங்களில் பெயிண்டை அப்பு அப்பென்று அப்பியிருந்தேன். துணி அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது. ஊசி இறங்கவில்லை, அழுத்தி இறக்கினால் 'டப்' என்று ஓட்டை, நூலைப் பிரித்தாலும் அந்த ஓட்டை மூடாது. அப்புறம் பெயிண்டை இளக்குகிற மீடியம் கலந்து மெலிசாகப் பூசினேன். ஓட்டுத் தையலையும் பூவின் மேல் ஓட்டாமல் ஓரமாகச் சுற்றி ஓட்டியதில் பூ கொஞ்சம் உப்பி எழுந்து நின்றது, அது நான் எதிர்பார்க்காத அழகு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டு, மூன்று நாளைக்கு அப்புறம்தான் தண்ணீரில் போட வேண்டும். துணி, பெயிண்ட், நூல் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குள் அடங்கியது.

*

அக்கா, நீங்கள் பாட்டில் பெயிண்டில் தப்பித்தீர்கள். நான் கடுக்காய் வழியில் போனவன். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி, அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் கையாலேயே ஓவியம், வரைகிறவர்களைப் பார்த்துவிட்டு (அவர்கள் வரைவது கருப்பூர் கலம்காரி, அதற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது) வந்த வேகத்தில், கடுக்காய்ப் பொடியையும் பாலையும் கலந்து ஒரு பழைய பருத்தி விரிப்பை முக்கிப் பால்கனியில் போட்டேன். பால் சேர்த்தால்தான் சாயம் பரவாது. நாற்றம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். அவருக்கு முன்னாடியே பூனை வந்துவிட்டது.

ஆனால் ஒன்று பார்த்தேன். கறுப்புச் சாயத்துக்காகத் துரு ஆணியையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் ஊறவைத்திருந்தேன், டீ டிகாஷன் நிறம்தான். இதுவா கறுப்பு என்று சந்தேகத்தோடு மூங்கில் குச்சியால் ஒரு கோடு இழுத்தேன். இழுக்கும்போது பழுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேருகிற வேலை. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. பேராசையில் இரும்பை அதிகமாக்கியதில் இரண்டு வருஷத்தில் கறுப்புக் கோடு போன இடமெல்லாம் துணி இற்றுப்போனது தனிக் கதை.

இன்னொன்று. இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்துதான் கையால் வரைந்த கட்டில் விரிப்புகள் கப்பல் கப்பலாக ஐரோப்பா போயின, பலம்போர் என்று அவற்றுக்குப் பெயர். நம் சாயத்துணிகளுக்கு அங்கே இருந்த மவுசில் உள்ளூர்த் துணிக்காரர்களுக்கு வயிறெரிந்து, பிரான்ஸ் 1686-இலேயே தடை போட்டது. கீழ்வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

*

எனக்கு ஒரு சந்தேகம். சதுரம் மடியில் அடங்கும், சரி. மேல்துணி, வேட்டி, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் சேர்த்துப் பிடிக்க எப்படியும் முழுசாக விரிக்கணுமே? நான் கட்டில் மேலேயே வைத்து ஊக்குக் குத்தி, மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன் :(

*

சிரித்துவிட்டேன், மன்னிச்சுக்கோங்க. அதற்கு மட்டும் நானும் மொட்டை மாடிக்குத்தான் போனேன். காற்று கிளம்புவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு. நாலு மூலைக்கும் செங்கல். வடகம் போட வந்த மூணாவது வீட்டு மாமி தானாகவே உட்கார்ந்து ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார், நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்து நீவிக்கொண்டே போகணும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஒரு சாணுக்கு ஒரு ஊக்கு. வாங்கி வைத்த டப்பா பாதியிலேயே தீர்ந்து, மாமியின் முந்தானையில் இருந்தது, கடைசியில் என் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த நாலு என்று எல்லாவற்றையும் குத்தித்தான் முடித்தேன்.