கறுப்புத் திரையில் மாட்யூல் ஏற்றிய கதைகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

மாரத்தஹள்ளி தம்பி:
நானே ஆரம்பிக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கிளையன்ட்டின் சர்வர் அறை. உள்ளே இணையம் கிடையாது, போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் முந்தின நாள் ராத்திரி அறையில் உட்கார்ந்து பிப் (பைத்தான் மொழிக்கான மாட்யூல்களை, அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல்களை, இறக்கி ஏற்றும் கருவி) டவுன்லோட் போட்டு, வேண்டியதையெல்லாம் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். 43 வீல் கோப்புகள், அதாவது அப்படியே ஏற்றத் தயாராகக் கட்டிவைத்த பேக்கேஜ்கள். டீம் லீடுக்கு "எல்லாம் ரெடி" என்று மெசேஜும் அனுப்பிவிட்டேன்.

சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. கிளையன்ட் பக்கத்து எஞ்சினியர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற மாட்யூல் ஏறியது. அடுத்து 'நம்பை' என்ற மாட்யூலைக் கொடுத்தேன். சிவப்பில் ஒரு வரி: இந்த வீல் இந்த பிளாட்ஃபார்முக்கு ஆகாது. கோப்பின் பெயரை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். வாலில் 'வின்', 'ஏஎம்டி64' என்று இருந்தது. என் லேப்டாப் விண்டோஸ், சர்வர் லினக்ஸ். 'எனி' என்று முடிகிற வீல்கள் எங்கேயும் ஏறும், சி மொழியில் எழுதிய பகுதி உள்ளே இருப்பவை ஏறாது. தெரியாத விஷயமில்லை. ஆனால் அந்த வாலை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்த எஞ்சினியர் திரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கே.ஆர்.புரம்:
என்னுடையது சின்னது. உபுண்டு 18.04 லினக்ஸ். பைத்தான் 3.8 போட்ட உற்சாகத்தில் 'பைத்தான்3' என்ற லிங்க்கையே அதற்குத் திருப்பிவிட்டேன். மறுநாள் காலை டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை) ஐகானை அழுத்தினால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடங்கிவிடுகிறது. திறக்கவே இல்லை. அந்த டெர்மினலைத் திறந்துவிடுவதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அதற்கு வேண்டிய மாட்யூல் பழைய 3.6-க்காகக் கட்டப்பட்டது என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது. பழுது பார்க்கவும் டெர்மினல்தானே வேண்டும்! கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் வேறொரு கறுப்புத் திரை வரும் என்று பக்கத்து சீட் அக்கா சொல்லும் வரை கை நடுங்கியபடி உட்கார்ந்திருந்தேன்.

பெல்லந்தூர் டெவாப்ஸ்:
மாரத்தஹள்ளி தம்பி, வாலைப் பார்க்காததுதான் தவறு என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டிலேயே ஒத்திகை பார்க்காததுதான் தவறு. விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸுக்கான வீலை எடுக்கலாம். பிப் டவுன்லோடுக்கு பிளாட்ஃபார்ம் ஆப்ஷனில் மெனிலினக்ஸ்2014 (பல லினக்ஸ்களிலும் ஏறும் வீல் வகை) கொடுங்கள், பைத்தான் வெர்ஷனையும் சொல்லுங்கள், கூடவே 'ஒன்லி பைனரி' (ரெடியாகக் கட்டிய வீல் மட்டும்) ஆப்ஷனும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பிப் மறுத்துவிடும். இதோடு முடியவில்லை. சர்வரில் இருக்கும் பிப் 19.3-க்கு முந்தையது என்றால் மெனிலினக்ஸ்2014 என்ற பெயரே அதற்குத் தெரியாது, சரியான வீலையும் தள்ளிவிடும். அதனால் புதிய பிப்பின் வீலையும் அதே பென் டிரைவில் போட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம்விட நல்ல வழி, சர்வரில் இருக்கிற அதே லினக்ஸ், அதே பைத்தான் உள்ள டாக்கர் கன்டெய்னரில் (கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு சின்ன சூழல்) இறக்குவது. இறக்கிய கையோடு இன்னொரு கன்டெய்னரில் நெட்டைத் துண்டித்துவிட்டு, 'நோ இண்டெக்ஸ்' (இணையத்தில் தேடாதே), 'ஃபைண்ட் லிங்க்ஸ்' (இந்த ஃபோல்டரில் தேடு) இரண்டையும் கொடுத்து ஏற்றிப் பாருங்கள். அங்கே ஏறினால்தான் பையில் வைக்க வேண்டும்.

கே.ஆர்.புரம், உங்களுக்கும் ஒன்று. சிஸ்டத்தின் பைத்தானைத் தொடவே கூடாது. பைத்தான் 3.3-இலிருந்தே வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தைத் தொடாமல் மாட்யூல் ஏற்ற ஒரு தனி இடம்) கூடவே வருகிறது. 2023-இல் வந்த டெபியன் 12 லினக்ஸில் சிஸ்டம் பைத்தானுக்குள் நேராக பிப் இன்ஸ்டால் அடித்தால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுவது என்று நிறுத்திவிடும். அதை மீற 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. சிஸ்டத்தை உடை என்று பெயரிலேயே இருப்பதை தயவுசெய்து அடிக்காதீர்கள்.

என் அனுபவம்: அவசரத்தில் யூஆர்எல்லிப்3 என்ற பேக்கேஜின் பெயரை ஒரு எல் விட்டு அடித்தேன். அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் 2017-இல் அதே ஒரு எல் குறைந்த பெயரில் பைபிஐ-யில் (பிப் இறக்குகிற பொதுக் களஞ்சியம்) ஒரு போலி இருந்தது, ஸ்லோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு ஆணையம் கண்டுபிடித்த பத்துப் போலிகளில் அதுவும் ஒன்று என்று பிறகு படித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அல்சூர் பெர்ல்காரர்:
நான் சிபான் காலத்து ஆள். பெர்ல் மொழி மாட்யூல்களுக்கு 1995-இலிருந்து இருக்கிற களஞ்சியம் அது. பெல்லந்தூர் நண்பர் சொல்லும் ஒத்திகை அங்கே தானாகவே நடக்கும். எந்த மாட்யூலும் முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் தேறினால்தான் உள்ளே ஏறும். பிப் அப்படி எதையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஏறிவிட்டாலே போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் அந்தச் சோதனையை மதிக்காதவனும் நான்தான். தேதிகளைக் கையாளும் ஒரு மாட்யூல். 'ஓகே', 'ஓகே' என்று ஓடிக்கொண்டே வந்து, டைம்ஸோன் சோதனை மூன்றில் 'நாட் ஓகே'. மறுநாள் டெலிவரி. ஃபோர்ஸ் இன்ஸ்டால் என்று அடித்து என்டரைத் தட்டினேன். மூன்று வாரம் கழித்து சம்பளக் கணக்கில் சிலருடைய வருகைப் பதிவு ஒரு நாள் தள்ளி நின்றது. ராத்திரி ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் ஒருவர் வந்து, "சார், அன்னிக்கு நான் வந்தேன் சார்" என்று பஸ் டிக்கெட்டை நீட்டினார்.

மாரத்தஹள்ளி தம்பி:
ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

டெவாப்ஸ் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. அன்று வாசலுக்கு வந்து போனை வாங்கி, லினக்ஸ் வைத்திருந்த அறைத்தோழனை எழுப்பினேன். அவன் இறக்கிக்கொண்டு பைக்கில் வந்து சேரும்போது மணி இரண்டரை. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். நாலு மணிக்கு எல்லாம் ஏறியது.

முன்பு எழுதாத ஒன்று இருக்கிறது. ஏன் தாமதம் என்று காலையில் லீடு கேட்டபோது, சர்வரில் சிக்கல் என்று சொல்லிவிட்டேன். அது மெயிலில் அப்படியே கிளையன்ட்டுக்குப் போயிற்று. சர்வரை ஏன் சரியாக வைக்கவில்லை என்று விளக்கம் கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த எஞ்சினியரிடம்.