மறு: கார்மேல் வைக்கும் பெட்டிக்குத் தமிழ்ச்சொல் – ‘பரண்பெட்டி’ எனலாமா?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

நம் சொல்லாக்கக் குழுவின் இந்த இழையைப் பத்து நாட்களாகப் படித்து வருகிறேன். காரின் மேல் நீளமாக, மூடியோடு, படகைக் கவிழ்த்து வைத்தாற்போல இருக்கும் பெட்டிக்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: கூரைப்பெட்டி, மேற்சுமைப்பெட்டி, முகட்டுப்பேழை, மிசைப்பெட்டி. நான்கையும் முன்மொழிந்தவர்கள் அக்கறையோடுதான் முன்மொழிந்திருக்கிறார்கள். ஆனால் பெட்டியைத் தூக்கி வைத்து, பூட்டி, 400 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தவர் எவரும் இன்னும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். நான் ஆறு கோடைகளாக அதைச் செய்கிறேன், அதனால் இந்த நீண்ட மடல்.

நான் இருப்பது மூனிச்சில். பிரென்னர் கணவாயைக் கடந்து இத்தாலியின் கார்டா ஏரிக்கு, அதன் வடமுனையில் உள்ள தோர்போலே என்ற ஊருக்குப் பாய்ப்பலகை (பாய் பொருத்தி, காற்றால் நீர்மேல் ஓட்டும் பலகை) ஓட்டப் போவோம். அங்கே காலையில் வடக்கிலிருந்து ஒரு காற்று வரும், பிற்பகலில் தெற்கிலிருந்து இன்னொன்று வரும். முதலதைப் பெலேர் என்பார்கள், இரண்டாவதை ஓரா என்பார்கள். நமக்கு வாடை, தென்றல். இந்த ஆண்டு எங்களோடு நான்கு தமிழ்க் குடும்பங்கள் முதன்முறையாக வருகின்றன. அவர்களுக்காகக் கருவிகளை ஏற்றுவது பற்றித் தமிழில் ஒரு வழிகாட்டித் தாள் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வரியிலேயே இந்தப் பெட்டி வந்து நின்றுவிட்டது.

(பாய்ப்பலகை என்ற சொல்லை இக்குழு சென்ற மாதம் ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களும் ‘பாயுள்ள பலகை’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகெங்கும் புழங்கும் விண்ட்சர்ஃபர் என்பது முதலில் ஒரு கலிபோர்னிய வணிகப்பெயர். ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்சரும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பொருளின் பெயர் அது. பின்னர் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. நம் சொல் அப்படி யாருடைய கடையிலிருந்தும் வரவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.)

சொல்லுக்கு வருமுன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வாங்கிய முதல் பெட்டியை லிட்டர் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன். 450 லிட்டர் என்று போட்டிருந்தது. விற்றவரிடம் நீளம் கேட்டேன், 195 சென்டிமீட்டர் என்றார். என் பாய்மரம் 400 சென்டிமீட்டர், இரண்டாகக் கழற்றினால் பாதிக்கு 200. ஐந்து சென்டிமீட்டர்தானே, குறுக்காகச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். வீட்டுக்கு வந்து பாய்மரத்தைக் கழற்றிக் கையில் எடுத்தபோதுதான் இரண்டு செய்திகள் உறைத்தன. அவர் சொன்ன 195 பெட்டியின் வெளிப்பக்க நீளம். முன்மூக்கு சரிந்து குறுகுவதால் உள்ளே அதைவிடக் குறைவு. அடுத்தது, பாய்மரத்தின் இரு பாதிகளும் கையில் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றின் வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு, மற்றதற்குள் செருகும் முளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எனவே 200 என்பது உண்மையில் 217, 218. பெட்டியின் மூடி பாய்மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, பூட்டு விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை மேலே நின்றது. மறுநாள் காலை பயணம். பாய்மரங்களைக் காருக்குள், முன்னிருக்கைகளுக்கு நடுவே நுழைத்து, என் மகள் ஒன்றை மடியில் தாங்கியபடியே ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்தாள்.

ஸ்வீடனின் தூலே நிறுவனத்தின் பட்டியலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதே 450 லிட்டர் கொள்ளளவில், ஏறத்தாழ 195 சென்டிமீட்டர் நீளத்தில் உயரமான பெட்டியும் இருந்தது, 232 சென்டிமீட்டர் நீளத்தில் தட்டையான பெட்டியும் இருந்தது. பயணப்பைகள் ஏற்றுகிறவருக்கு முதலது நல்லது. பாய்மரம் ஏற்றுகிறவருக்கு அது பயன்படாது. எனவே என் தாளில் புறநீளம், உள்நீளம் என்ற இரண்டு சொற்களையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். இவற்றைப் பற்றி இங்கு யாரும் விவாதிக்கவில்லை. ஆனால் பெட்டியின் பெயரைவிட இவைதான் ஒருவருடைய பணத்தைக் காப்பாற்றும். உள்நீளம் தெரிய எளிய வழி, எவ்வளவு நீளப் பனிச்சறுக்கு மட்டை வரை உள்ளே போகும் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் அளவைப் பார்ப்பது. 232 பெட்டிக்கு அது 220. அதில் 370, 400 பாய்மரங்கள் அடங்கும். 430இன் பாதியே 215, முளையோடு சேர்த்தால் வெளியே நிற்கும். 460ஐப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவற்றை உறையிட்டு வெளியே கம்பியோடு கட்ட வேண்டியதுதான்.

இனி, இழையில் நீங்கள் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொற்களுக்கு வருகிறேன்.

> கூரைப்பெட்டி போதுமே. நாளிதழ்களில் காரின் மேற்கூரை என்றுதானே எழுதுகிறார்கள்?

உண்மை. புரிகிற சொல்தான். எவரும் இதைப் பயன்படுத்தினால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெட்டி கூரையில் உட்காருவதில்லை. கூரைக்கு மேலே, ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, இரண்டு குறுக்குக் கம்பிகள் போகின்றன. கம்பிகளைத் தாங்க நான்கு கால்கள் இருக்கின்றன. பெட்டி அந்தக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. கூரைத் தகட்டை அது தொட்டால் ஏதோ தவறு என்று பொருள். கூரைப்பெட்டி என்று சொல்லிவிட்டால் அடியில் இருக்கும் அமைப்புக்கு என்ன பெயர்? கூரைச்சட்டகமா, கூரைத்தாங்கியா? கூரைத்தாங்கி என்றதும் வீட்டுத் தூண்தான் கண்முன் வருகிறது.

> நார்வேயில் இதை ஸ்கீ பெட்டி என்கிறார்கள். நாமும் உள்ளே போவதை வைத்துப் பாய்ப்பெட்டி என்று சொல்லலாம்.

இதை நான் மறுக்கிறேன். பனியும் ஸ்கீ என்னும் பனிச்சறுக்கு மட்டையும் அங்கே எல்லார் வாழ்விலும் இருப்பதால் அப்பெயர் நிலைத்தது. நம்மில் பெரும்பாலோர் இதில் கூடாரமும் குழந்தை வண்டியும் தலையணையும்தான் ஏற்றுவோம். பொருளால் பெயர் வைத்தால் பொருள் மாறும்போது பெயர் பொய்யாகும். பேழை என்ற சொல்லும் அழகானதே, மூடியுள்ள பெட்டி என்பதே அதன் பொருள். ஆனால் நோவாவின் பேழையையும் அருங்காட்சியகத்தையும் நினைவூட்டுகிற கனம் அதற்கு இருக்கிறது. அதோடு ஜெர்மானியர் பேச்சுவழக்கில் இந்தப் பெட்டியைக் கூரைச் சவப்பெட்டி என்பதும் உண்டு. தமிழில் அந்த நினைவு எழக் கூடாது.

தஞ்சை நண்பர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

> எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டி மாதிரிதானே இது?

ஆம். பரண்! கைக்கெட்டாத உயரத்தில் அமைத்து, அன்றாடம் வேண்டாததை ஏற்றி வைக்கும் இடம். தினைப்புனத்தில் கால்கள் நட்டு எழுப்பிய காவல் மேடையும் பரண்தான். காரின் மேல் உள்ள அமைப்பு இந்த இரண்டாவது பரணைத்தான் எனக்குக் காட்டுகிறது: நான்கு கால், குறுக்கே கம்பு, மேலே சுமை. நம் ஊர்ப் பேச்சில் ‘மேலே கேரியரில் கட்டு’ என்போமே, அந்தக் கேரியருக்கு இதுவரை ஒரு தமிழ்ச்சொல் இல்லை. இப்போது இருக்கிறது.

> பரண் என்பது வேண்டாததைப் போட்டு மறக்கும் இடம். பயணத்துக்குப் பொருந்துமா?

வீட்டுப் பரணில் தீபாவளிக்கு வேண்டிய பெரிய அண்டாவும் இருக்கிறது, கல்யாணத்துக்கு வேண்டிய ஜமுக்காளமும் இருக்கிறது. அவை மறந்து போட்டவை அல்ல. அந்த நாள் வரும் என்று காத்திருப்பவை. என் பாய்களும் அப்படித்தான்.

> இலக்கணப்படி பரண் + பெட்டி = பரட்பெட்டி என்றல்லவா வரவேண்டும்? மண் + குடம் = மட்குடம் போல?

இந்த ஐயத்தை எழுப்பியவருக்கு நன்றி. இதற்காக நன்னூலைத் திறந்தேன், இரவு நெடுநேரம் மூட மனம் வரவில்லை. ணகர மெய் வேற்றுமையில் வல்லினத்துக்கு முன் டகரமாகும் என்பது பொது விதி. ஆனால் நன்னூலார் சில சொற்களைப் பெயர் சொல்லியே விலக்குகிறார். அவற்றில் ஒன்று பரண், இன்னொன்று கவண். இவை வேற்றுமையிலும் இயல்பாக நிற்கும். உரையில் வரும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? பரண்கால்.

அந்தச் சொல்லை மறுபடி பாருங்கள். குறுக்குக் கம்பியைக் காரோடு இறுக்கிப் பிடிக்கும் நான்கு உறுப்புகளைத் தயாரிப்பாளர்கள் ‘கால்’ என்றுதான் அழைக்கிறார்கள். காரின் கூரை வகைக்குப் பொருந்தும் கால் வாங்க வேண்டும், அதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நமக்கு அதற்கொரு சொல் பல நூற்றாண்டுகளாகவே இலக்கண உரைக்குள் தயாராக இருந்திருக்கிறது. பரண்பெட்டி இலக்கணப் பிழையும் அன்று, நம் சொந்த விருப்பமும் அன்று.

ஆகவே என் முன்மொழிவு ஒற்றைச் சொல் அன்று, ஒரு குடும்பம். கார்மேல் உள்ள அமைப்பு முழுவதும் பரண். அதன் கால் பரண்கால், குறுக்கே போவது பரண்கம்பி, மேலே பூட்டுவது பரண்பெட்டி. எல்லாம் சேர்ந்து கார்மேல் ஏறும் எடை பரண்சுமை.

கடைசிச் சொல்லில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. கார்க் கையேட்டில் கூரை தாங்கும் எடை 75 கிலோ என்று இருந்தால், பெட்டிக்குள் 75 கிலோ வைக்கலாம் என்று நினைக்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்படியன்று. கால்களும் கம்பிகளும் 6 கிலோ, வெறும் பெட்டி 20 கிலோ என்றால், உள்ளே வைக்க மீதி 49தான். மூன்று பாய்கள் 12, இரண்டு பாய்மரங்கள் 4, இரண்டு பருமல்கள் 5, சில்லறைக் கருவிகள் 4 என்று என் கணக்கு 25இல் நிற்கிறது. (பருமல் என்பது பாய்மரத்தின் குறுக்குமரம். கையால் பற்றும் அந்த வளைந்த சட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.) இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, உள்ளே வைப்பதைப் பெட்டிச்சுமை என்றும், கார்க்கூரைக்கு மேலுள்ள அனைத்தையும் பரண்சுமை என்றும் பிரித்து எழுதியிருக்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

மிசைப்பெட்டி தந்த நண்பர் இதற்கு மிசைப்பரம் என்றும் சொல்லியிருந்தார். புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ஆண்ட சொல் அது. பாயை இறக்காமல், மேலே ஏற்றிய பாரத்தையும் குறைக்காமல் புகார்த் துறைக்குள் நுழையும் பெருங்கலத்தைச் சொல்கிறார்: ‘மிசைப்பரம் தோண்டாது’. பாயும் மேற்சுமையும் ஒரே அடியில்! படித்ததும் உடல் சிலிர்த்தது. ஆனாலும் இன்று பரம் என்றால் படிப்பவர் மனம் கடவுளை நோக்கிப் போகும். மலைப்பாதையில் இறங்கப் போகிறவர் எடையைக் குறித்த சொல்லில் ஒரு நொடியும் தயங்கக் கூடாது. அதனால் மனமில்லாமல்தான் அதை ஒதுக்குகிறேன்.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பது இக்குழுவின் நல்ல வழக்கம். தாளிலிருந்து சில வரிகள்:

‘பரண்பெட்டியை வாங்குமுன் காரின் பின்கதவை முழுவதும் திறந்து பாருங்கள். பெட்டி மிகவும் பின்தள்ளி நின்றால் கதவு அதில் இடிக்கும். பரண்கால்களை ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள். பெட்டியோடு மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். காரின் உயரம் இப்போது கூடியிருக்கிறது என்பதை நிலத்தடி நிறுத்தகத்தின் வாயிலில் நினைவுகொள்ளுங்கள். ஈரப் பாயைச் சுருட்டி வைத்தால், அன்றிரவே பெட்டியைத் திறந்து உலர்த்துங்கள். பலகையை வெயிலில் மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், வெப்பத்தில் அதன் தோல் கொப்புளிக்கும்.’

இதை உரக்கப் படித்தபோது எனக்கு எங்கும் நாக்குத் தடுக்கவில்லை. உங்களுக்குத் தடுத்தால் எந்த இடம் என்று எழுதுங்கள். ஈழத்து நண்பர்கள், உங்கள் பக்கம் பரண் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வீட்டுக்குள் உள்ளதா வயலில் உள்ளதா என்பதையும் தெரிவியுங்கள். வரப்போகும் நான்கு குடும்பங்களில் இரண்டு யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள்.

இன்னொன்று எஞ்சியிருக்கிறது. பலகையைக் கம்பியோடு கட்டும் பட்டையை வார் என்று வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கையால் இழுத்தால் கொக்கி கடித்துக்கொள்வது. மற்றது பற்சக்கரத்தால் கடகடவென்று முறுக்கி இறுக்குவது. இரண்டாவதைக் கொண்டு பலகையைக் கட்டினால் பலகை அழுத்தத்தில் நசுங்கிவிடக்கூடும். முதலதற்குக் கடிவார் என்றும் இரண்டாவதற்கு முறுக்குவார் என்றும் எழுதி அடித்துவிட்டேன். முறுக்குவார் என்பது முறுக்குகிறவர்கள் என்று படிக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நல்ல சொல் தந்தால் தாளில் சேர்த்துவிடுவேன், சனிக்கிழமை விடியலில் கிளம்புகிறோம்.

அன்புடன்,
மூனிச்சிலிருந்து