'பிரிஸ்க்' என்பதற்குச் 'சுணைப்பு': தேயிலைச் சுவைப்பில் ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

தேயிலைச் சுவைஞர்கள், அதாவது தேயிலையைச் சுவைத்துத் தரம் மதிப்பிடுபவர்கள், தங்கள் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதும் 'பிரிஸ்க்' (brisk) என்ற சொல்லுக்கு, தேயிலைத் துறைக்கான நம் தமிழ்ச் சொற்றொகுதி பற்றிய இந்த உரையாடலில் துவர்ப்பு, விறுவிறுப்பு, புத்துணர்ச்சி ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் அக்கறையோடு தெரியப்பட்டவை என்பதை அறிவேன். ஆயினும் கோப்பையில் உள்ள அந்தக் குணத்தை இவற்றுள் எதுவும் சரியாகத் தொடவில்லை என்பது என் கருத்து. ஆகவே 'சுணைப்பு' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

கொழும்பில் தேயிலைச் சுவைகூடம் ஒன்றில் பணிபுரிபவன் என்ற முறையில், சொல்லுக்கு முன் பொருளைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். சுவைகூடத்து மேசையில் மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் நிறுத்த தூளை இட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி மூடுவார்கள். 1980இல் வெளியான ஐஎஸ்ஓ 3103 என்னும் அனைத்துலக நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிட ஊறல் என்று வகுத்திருக்கிறது. வணிகக் கூடங்களில் இந்த அளவு சிறிது முன்பின்னாக இருக்கலாம். ஆனால் ஒரு மேசையில் உள்ள எல்லாக் குவளைகளுக்கும் ஒரே எடை, ஒரே நேரம் என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. நேரம் முடிந்ததும் சாயம், அதாவது ஊறிய தேநீர், கிண்ணத்துக்குள் வடியும். ஊறிய இலையைக் கவிழ்த்த மூடியின்மேல் தட்டி வைப்பார்கள். சுவைஞர் ஒரு கரண்டிச் சாயத்தை ஓசையெழ உறிஞ்சி, காற்றோடு சேர்த்து வாயெங்கும் சிதறவிட்டு, சில நொடிகளில் துப்பிவிடுவார். அந்த நொடிகளில் நாக்கிலும் ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் உயிர்ப்பான ஒரு சுருக்குணர்வு எழுந்து, வாயைத் துலக்கிவிட்டுத் தெளிவாக மறையுமாயின் அதுவே 'பிரிஸ்க்'. எழாவிட்டால் சாயம் சப்பென்று இருக்கும். எழுந்து, மறையாமல் தொண்டையில் உறுத்திக்கொண்டு நின்றால் அது வேறொரு குறை. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

இந்த வடிந்த தேநீரைச் சுவைஞர்கள் 'லிக்கர்' என்பார்கள்; அதற்குச் சாயம் என்று நான் எழுதுவதை இங்கு எவரும் மறுக்கமாட்டார்கள் என நம்புகிறேன். "சாயம் கூடிவிட்டது", "சாயம் போதாது" என்று மலையகத்திலும் கொழும்பிலும் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்கு வீடு வழங்கும்போது, வடிநீர் என்றும் கசாயம் என்றும் வேறு தேட வேண்டியதில்லை.

இனித் துவர்ப்பு. இதுவே முன்வைக்கப்பட்டவற்றுள் மிக வலுவானது. ஆகவே இதை மறுப்பதற்கே கூடுதலான காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அறுசுவைகளுள் ஒன்றாக நாம் துவர்ப்பை எண்ணி வந்திருக்கிறோம். உடலியலோ அதை நாவின் சுவை மொட்டுகள் அறியும் சுவையாகக் கொள்வதைவிட, வாயின் தொடு உணர்வாகவே பெரும்பாலும் கொள்கிறது: தேயிலையில் உள்ள பல்பீனோல்கள் என்னும் வேதிப்பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து அவற்றைப் படியச் செய்வதால், வாயின் வழவழப்புக் குறைந்து இறுக்கம் தோன்றுகிறது. இவ்வளவில் 'பிரிஸ்க்' என்ற குணத்துக்கும் துவர்ப்புக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் பாக்கும் துவர்க்கும், நாவற்பழமும் துவர்க்கும், வாழைப்பிஞ்சும் துவர்க்கும். இவற்றுள் எதையும் சுவைஞர் 'பிரிஸ்க்' என்று சொல்லமாட்டார். தேயிலையிலேயே, போதிய அளவு வாடாத கொழுந்தை அவசரமாக அரைத்து, ஒட்சியேற்றம் (அரைத்த இலை காற்றுப்பட்டு மாறுவது) முழுமை பெறுமுன் காய்ச்சி (சூட்டில் உலர்த்தி) எடுத்த தூளின் சாயம் கடுமையாகத் துவர்க்கும். அதைப் 'பச்சை' என்றும் முரடு என்றும் குறை கூறுவார்களேயன்றி, 'பிரிஸ்க்' என்று பாராட்டமாட்டார்கள். துவர்ப்பு என்பது இயல்பைச் சொல்லும் சொல். 'பிரிஸ்க்' என்பது அந்த இயல்பு சரியான நிலையில் அமைந்திருப்பதைச் சொல்லும் தீர்ப்பு. தவிர, சுவைஞர்களிடம் 'பஞ்சன்ட்' என்று வேறொரு சொல்லும் உண்டு. துவர்ப்பும் வலுவும் தெளிவும் ஒருங்கே அமைந்த உயர்ந்த சாயத்துக்கு அதைச் சொல்வார்கள். துவர்ப்பை இங்கேயே செலவழித்துவிட்டால் அங்கே நமக்குச் சொல் இராது.

இந்தக் குணத்தின் வேதியியலையும் பார்த்துவிட்டால் வேறுபாடு இன்னும் தெளியும். அரைபடும் இலையில் உயிரணுக்கள் உடைந்து, பல்பீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் இலையின் பல்பீனோல்களான கற்றெக்கின்களோடு கலந்து, வளியின் ஒட்சிசனைக் கொண்டு அவற்றை மாற்றுகிறது. (தொழிற்சாலைகளில் இதை நொதித்தல் என்றே சொல்கிறோம். நுண்ணுயிர்கள் செய்யும் நொதித்தல் இதுவன்று; அந்தக் குழப்பத்தைத் தனியே பேசித் தீர்க்க வேண்டும்.) இதில் முதலில் உருவாகும் தேஃபிளேவின்கள் செம்பொன் நிறத்தையும் ஒளியையும் 'பிரிஸ்க்' குணத்தையும் தருகின்றன. அடுத்துப் பெருகும் தேருபிகின்கள் சாயத்தின் ஆழ்ந்த செம்பழுப்பு நிறத்துக்கும் திண்மைக்கும் காரணமாகின்றன. இவ்விரு பெயர்களையும் 1950களில் இட்டவர் இ. ஏ. எச். ராபர்ட்ஸ். தேஃபிளேவின் காய்ந்த தூளின் எடையில் பெரும்பாலும் 2 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும். தேருபிகின் அதைப் போலப் பல மடங்கு. ஒட்சியேற்றம் நீளநீளத் தேஃபிளேவின் ஓர் உச்சத்தைத் தொட்டுப் பின் குறைகிறது; நிறம் கருத்துக்கொண்டே போக, உயிர்ப்பு மங்கிக்கொண்டே வருகிறது. இன்னுமொன்று: தேஃபிளேவின் மட்டும் இருந்தால் இந்தக் குணம் முழுமை பெறாது, கஃபீனும் அதனுடன் கூட வேண்டும். கஃபீன் தனியே கைக்கும். தேஃபிளேவினோடு பிணையும்போதோ கைப்பும் தணிகிறது, துவர்ப்பின் முரடும் தணிகிறது. நல்ல சாயம் ஆறும்போது கலங்குவதும் இந்தப் பிணைப்பினால்தான். கஃபீன் நீக்கிய தேயிலையைச் சுவைத்தவர்களுக்கு, அதில் துவர்ப்பு எஞ்சியிருந்தும் ஏதோ ஒன்று போய்விட்டிருப்பது புலப்படும். போனது எதுவோ அதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

விறுவிறுப்பு நல்ல தமிழ். உடலில் எழும் எரிச்சலையும் குறிக்கக்கூடியது. ஆனால் இன்று அது வேகத்துக்கும் பரபரப்புக்கும் உரியதாகி, திரைப்படத்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் முற்றாகச் சென்றுவிட்டது. "விறுவிறுப்பான சாயம்" என்று படிப்பவர் வாயில் எந்த உணர்வும் எழாது. புத்துணர்ச்சியோ குடிப்பவருக்கு நேர்வதைச் சொல்கிறது, சாயத்தில் இருப்பதைச் சொல்லவில்லை; விளம்பரத்துக்கு அது போதும், மதிப்பீட்டுக்குப் போதாது.

சுணை என்பது பூசணி இலையிலும் கரும்புத் தோகையிலும் மூங்கில் மடலிலும் இருக்கும் நுண்ணிய கூர்மயிர். அது பட்டால் எழும் குறுகுறுப்பும் சுணைதான். வைக்கோற்போர் அடுக்கியவர் உடம்பு சுணைக்கிறது என்பார். இது முற்றிலும் தொடு உணர்வுச் சொல். மேலே கூறியவாறு 'பிரிஸ்க்' என்பதும் நாவின் சுவையைவிட வாயின் தொடு உணர்வையே மிகுதியும் சார்ந்தது. இதற்கு மேல், சுணை என்பது மனத்தின் கூர்மையையும் மான உணர்வையும் குறிக்கும். சுணைகெட்டவன் என்று நாம் திட்டும்போது, எது சொன்னாலும் உறைக்காத, உயிர்ப்பில்லாத தன்மையைத்தான் திட்டுகிறோம். உடலின் குறுகுறுப்பும் உயிர்ப்பும் ஒரே சொல்லில் இப்படிப் பொருந்தியிருப்பது நமக்கு வாய்த்த பேறு. சாயத்தில் நாம் தேடுவதும் இவ்விரண்டின் சேர்க்கையே. சொல் எல்லாப் பக்கமும் வளைந்தும் கொடுக்கிறது: சுணைப்பு, சுணைக்கும் சாயம், சுணைப்பான, சுணையற்ற, சுணை இறங்கிய. கடைசியில் உள்ளது தூளை நெடுநாள் வைத்திருக்கும் கலவைக்காரர்களுக்கு மிகவும் வேண்டியது.

இதற்கு எதிராக எழக்கூடிய இரண்டு மறுப்புகளை நானே எழுப்பிப் பார்த்தேன். முதலாவது, சுணை என்றால் அரிப்புத்தானே, நல்ல குணத்துக்கு அது பெயராகலாமா என்பது. தோலில் அரிப்பாக இருப்பது நாவில் இனிமையாகலாம். கார்ப்பை நாம் விரும்பி உண்ணவில்லையா? இரண்டாவது மறுப்பு கடினமானது. தேயிலை மொட்டின்மேல் வெண்மையான மென்மயிர் உண்டு. வெள்ளிமுனைத் தேயிலைக்கு வெண்மையைத் தருவது அதுவே. கருந்தேயிலையில் இலைச்சாறு பட்டுக் காய்ந்து பொன்முனைகளாகத் தெரிவதும் அதுவே. தாவரவியல்படி அதையும் சுணை என்று சொல்லலாம். ஒரே துறையில் ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குவது சரியன்று. ஆகவே மொட்டின் மயிருக்கு மென்மயிர் என்பதையே நிலைநிறுத்தி, சாயத்தின் குணத்துக்குச் சுணை என்று குறுக்காமல் எப்போதும் சுணைப்பு என்றே எழுத வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். இந்த வரையறையோடு மறுப்பு நீங்கும் என்றே கருதுகிறேன்.

தொண்டையில் உறுத்தி நிற்கும் குறைக்கு, சுவைஞர்கள் 'ஹார்ஷ்' என்பதற்கு, 'காறல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கருணைக்கிழங்கு காறுகிறது என்று எல்லா வீட்டிலும் சொல்வதால் இதற்கு விளக்கமே தேவைப்படாது. சுணைப்பற்ற நிலைக்குச் 'சப்பு' போதும். சப்பு, சுணைப்பு, காறல் ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் வைத்தால் சுவைஞரின் அளவுகோல் தமிழில் தானாகவே அமைந்துவிடுகிறது.

இந்த முயற்சி வெறும் அகராதி ஆசை அன்று என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கொழும்பில் தேயிலையின் முதற் பொது ஏலம் 1883 யூலை 30ஆம் திகதி நடந்தது. அன்று முதல் சுவைப்புத் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு வந்துள்ளன. தரகர் சுவைத்து எழுதும் குறிப்பு மலைநாட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்பிச் செல்கிறது. "சாயம் சப்பு" என்ற பொருளில் ஒரு குறிப்பு வந்தால், ஒட்சியேற்றம் நீண்டுவிட்டதா, காய்ச்சும் பொறியில் தொடக்க வெப்பம் குறைந்து இலை புழுங்கிவிட்டதா, 3 விழுக்காட்டுக்கு அருகில் நிற்க வேண்டிய ஈரப்பதம் பொதி செய்யும்போது கூடியிருந்ததா என்று அங்கே ஆராய வேண்டும். அரைக்கும் உருளையருகிலும் காய்ச்சும் பொறியருகிலும் நிற்பவர்களில் மிகப் பலர் தமிழர். கொழுந்து, வாட்டல், சாயம் ஆகியவை எல்லாம் அவர்கள் வாயில் தமிழாக இருக்க, அவர்களுடைய வேலையின் மீதான தீர்ப்பு மட்டும் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பை நடத்தும் டீமேக்கர் வழியாக அரைகுறையாகவே வந்து சேர்வது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. ஒட்சியேற்றத்தைச் சில நிமிடம் முன்னதாக நிறுத்தினால் சுணைப்புக் கூடும் என்ற உண்மையை, அந்தக் குணத்தின் பெயரோடு அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பயன்பாட்டில் சொற்கள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க, ஒரு கலவை மதிப்பீட்டை எழுதிப் பார்த்தேன். உயர்நிலத் தேயிலை சுணைப்பையும் வாசனையையும் தரும். 2000 அடிக்குக் கீழ் விளையும் தாழ்நிலத் தேயிலை நிறத்தையும் திண்மையையும் தரும். இரண்டையும் கலந்து, முன்னர் ஒப்புக்கொண்ட நிலைமாதிரியோடு அருகருகே சுவைத்தபின் எழுதுவதாகக் கொள்க: "சாயம் ஒளிரும் செம்பொன், நிலைமாதிரியைவிடச் சிறிது கருமை. திண்மை சரி. சுணைப்பு நிலைமாதிரியை எட்டவில்லை, காறல் இல்லை. ஊறிய இலை சீரான செப்பு நிறம். உயர்நில டிம்புளைத் தேயிலையின் பங்கைக் கூட்டி மீளக் கலக்கவும்." இந்த வரிகளில் 'சுணைப்பு' இருந்த இடத்தில் 'துவர்ப்பு' என்று வைத்தால், கலவைக்காரர் வெறும் கடுமையைக் கூட்டும் தூளைச் சேர்த்துவிட வாய்ப்புண்டு, 'விறுவிறுப்பு' என்று வைத்தால் எதைச் சேர்ப்பது என்றே அவருக்குத் தெரியாது.

சொற்றொகுதிக்கு நான் பரிந்துரைக்கும் வரையறை இது. சுணைப்பு: தேயிலைச் சாயம் வாயில் எழுப்பும், துவர்ப்பைச் சார்ந்த, உயிர்ப்பான, காறலின்றித் தெளிவாக மறையும் குறுகுறுப்பு உணர்வு, எதிர்நிலை சப்பு.

ஊவா மலைப்பகுதியில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்துத் தேயிலையில் எழும், மெதைல் சலிசிலேற்று என்னும் மணப்பொருளின் குளிர்ச்சி கலந்த அந்த வாசனையைச் சுணைப்போடு சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அது மூக்குக்கு உரியது. அதற்குத் தனிச் சொல் வேண்டும்.

கண்டியிலிருந்து துவர்ப்பை முன்வைத்த ஐயா அவர்களும் மற்றவர்களும் தீர்மானிக்குமுன் ஒரு சோதனையைச் செய்து பார்க்குமாறு அன்போடு வேண்டுகிறேன். புதிதாகத் திறந்த உயர்நிலத் தூள் ஒன்று. அதே தூளைச் சில வாரம் ஈரக்காற்றுப் பட வைத்திருந்தது ஒன்று. கஃபீன் நீக்கியது ஒன்று. மூன்றையும் ஒரே எடை, ஒரே நீர், 6 நிமிட ஊறல் என்று பாலும் சீனியும் இன்றி ஊற்றி, பெயர் எழுதாத கிண்ணங்களில் வைத்து, தமிழ் மட்டும் அறிந்த ஒருவரிடம் கொடுங்கள். முதற் கிண்ணத்தை மற்ற இரண்டிலிருந்து பிரித்துக் காட்ட அவர் சொல்லும் சொல் எதுவோ, அதையும் இங்கே எழுதுங்கள்.