ஈறு வீக்கத்திற்கு மஞ்சள், கற்றாழை ஜெல் போதுமா?

செம்பனைவாசி (சுங்கை சிப்புட்):
வணக்கம். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் தாயாருக்கு இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. சில மாதங்களாகப் பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. கீழ்வரிசை முன்பற்கள் லேசாக ஆடுகின்றன. மருந்துக் கடையில் மஞ்சள் சத்தும் கற்றாழையும் கலந்த ஜெல் ஒன்றைக் கொடுத்து, இரவில் ஈறில் தடவச் சொன்னார்கள். பல் கிளினிக்கிற்கு அழைத்தால், "போனால் பிடுங்கித்தான் அனுப்புவார்கள்" என்று மறுக்கிறார். ஜெல்லை மட்டும் நம்பலாமா?

பல் மருத்துவர், ஈப்போ:
மஞ்சளிலுள்ள குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் இயல்பு உண்டு. ஆனால் ஈறு நோய்க்கு அதைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றிலும் பற்காரையைச் சுரண்டி, வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்த பிறகே பொதுவாக ஜெல்லை வைத்தார்கள். விளம்பரங்கள் இந்தப் பாதியை வசதியாக விட்டுவிடுகின்றன.

பல்லில் படியும் கிருமிப் படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எந்த ஜெல்லும் அதைக் கரைக்காது. நல்ல ஈறில் பல்லைச் சுற்றியுள்ள இடுக்கின் ஆழம் 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும், நோய் முற்றி அது 5, 6 மி.மீ. பள்ளமாகிவிட்டால், விரலால் மேலே தடவியது அடிவரை போய்ச் சேராமல் எச்சிலோடு கரைந்து போகும். ஆகவேதான் நாங்கள் முதலில் காரையை நீக்கிவிட்டு, தேவைப்பட்டால் முனை மழுங்கிய ஊசியால் பள்ளத்துக்குள்ளேயே மருந்தைச் செலுத்துகிறோம். பல் ஆடுவது, அதைத் தாங்கும் எலும்பு குறைந்திருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. அதை ஜெல் மீட்டுத் தராது.

கொதிப்புக்கு அவர் சாப்பிடுவது அம்லோடிபினா? அம்மருந்து சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். நீங்களாக நிறுத்திவிடாமல், மருந்து அட்டையைக் கிளினிக்கிற்குக் கொண்டு செல்லுங்கள்.

தைப்பிங் அண்ணன்:
என் மனைவிக்குச் சுத்தம் செய்த பிறகு குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பு கொடுத்தார்கள். ஈறு ஆறியது, ஆனால் தேத்தண்ணி குடிப்பவர் என்பதால் பற்களில் பழுப்புக் கறை ஏறிவிட்டது. அதற்குப் பின்தான் கற்றாழை ஜெல்லுக்கு மாறினார், எரிச்சல் தணிந்ததாகச் சொல்கிறார். உங்கள் ஜெல் மருந்தென்று விற்கப்பட்டால், பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், தம்பி. பாரம்பரிய மருந்தாக இருந்தால் அந்த எண்ணில் இலக்கங்களுக்குப் பின் 'டி' என்ற எழுத்து வரும். அரசாங்கக் கிளினிக்கில் செலவும் அதிகமில்லை.

செம்பனைவாசி:
அம்லோடிபின்தான், ஐயா. வெற்றிலை பாக்கும் போடுகிறார். ஜெல் தடவியபடியே போடலாமா என்று கேட்கிறார்!

பல் மருத்துவர், ஈப்போ:
பாக்கு வாய்ப்புற்றை உண்டாக்கக்கூடிய பொருள். புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆகவே ஈறோடு கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டுகளோ இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். சர்க்கரை அளவு கூடியிருந்தால் ஈறு ஆறுவதும் தள்ளிப்போகும். ஈறின் அழற்சி சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும். அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். பிடுங்குவார்களோ என்று அஞ்சுகிறவரிடம், முதல் நாள் அளந்து பார்த்துக் காரை எடுப்பதற்கு மட்டுமே போகிறோம் என்று சொல்லி அழைத்து வாருங்கள்.