ஆணுறுப்பின் மொட்டு விளிம்பில் வரிசையாகச் சின்னப் பருக்கள், மரு மருந்து தடவலாமா?

நூல்கண்டு:
வயது 26. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தை மாதம் கல்யாணம். போன வாரம் குளிக்கும்போதுதான் கவனித்தேன். ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி, கடுகைவிடச் சின்னதாக, வெள்ளையாக இரண்டு வரிசைப் பருக்கள். வலி, அரிப்பு எதுவும் இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு பெண்ணோடு ஒரே ஒரு தடவை இருந்திருக்கிறேன், காண்டம் போட்டுத்தான். பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்த லாட்ஜ் வைத்தியருக்குப் போன் செய்தேன். பார்க்காமலே "மேக நோய், 18 ஆயிரம் ஆகும்" என்றார். மெடிக்கலில் மருவுக்குத் தடவும் சொட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். தடவலாமா? கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்லலாமா? நான்கு நாளாகத் தூக்கமே இல்லை.

பழைய நோயாளி:
தம்பி, அந்த மருந்தை முதலில் தூக்கிப் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

2011இல் எனக்கு வயது 23. நீங்கள் சொல்வதேதான், அதே இடம், அதே வரிசை. மரு என்று நானே முடிவு செய்து, காலாணிக்குப் போடும் சாலிசிலிக் ஆசிட் மருந்தை மூன்று இரவு தடவினேன். நான்காம் நாள் தோல் வெள்ளையாக ஊறி உரிந்துவிட்டது. உள்ளாடை புண்ணில் ஒட்டிக்கொண்டது, தண்ணீர் விட்டு நனைத்துத்தான் பிரித்தேன். ஒன்றுக்குப் போகும்போது கண்ணில் நீர் வரும். கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். விளக்கு வைத்த சின்ன லென்ஸால் இரண்டு நிமிடம் பார்த்தார். "இது நோயே இல்லை, நீ போட்ட மருந்துதான் நோய்" என்றார். புண் ஆற மூன்று வாரம் ஆனது. பருக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. மனைவிக்கும் எனக்கும் அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

இவற்றை முத்துப் பருக்கள் என்று சொல்லலாம், ஆங்கிலப் பெயரே பேர்லி பினைல் பப்யூல்ஸ்தான். பருவ வயதுக்குப் பிறகு வரும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், எல்லாம் ஒரே அளவு, பாசி கோத்ததுபோல விளிம்போடு ஓடும். தொற்றாது. தண்டுத் தோலையோ விதைப்பையையோ இழுத்துப் பிடித்தால் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது ஃபோர்டைஸ் புள்ளி, வெறும் எண்ணெய்ச் சுரப்பி. இரண்டுக்கும் மருந்து வேண்டாம்.

மரு வேறு மாதிரி. வரிசையில் நிற்காது. ஒன்று பெரிது ஒன்று சிறிது, மேல்பக்கம் காலிஃபிளவர்போலச் சொரசொரப்பாக, வாரக்கணக்கில் கூடும், பரவும். அதற்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ், பெரும்பாலும் 6, 11 வகைகள். நடுவில் தொப்புள்போலக் குழி விழுந்த வழவழப்பான பரு என்றால் மொலஸ்கம், அது வேறொரு வைரஸால் வரும் தோல் தொற்று.

தமிழ்நர்ஸ்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் நூல்கண்டு, எழுத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அரசு மருத்துவமனையில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு ஓ.பி.யில் வேலை செய்கிறேன். அங்கே எனக்குப் பயம் தருவது பரு அல்ல, வலிக்காத புண். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் அப்படித்தான் தொடங்கும். தொடர்பு நடந்து சுமார் மூன்று வாரத்தில் ஒரு புண், அடிப்பகுதி கெட்டியாக, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கும். சில வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆளும் நிம்மதியாகிவிடுவார், கிருமியோ உடம்புக்குள்ளேயே இருக்கும். நேரத்தில் வந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும். ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று இதற்கு நேர்மாறு. கொத்தாக நீர்க்கொப்புளம், எரிச்சல், உடைந்து புண்ணாகும்.

காண்டம் நல்ல காவல்தான். ஆனால் ஹெச்.பி.வி.யும் ஹெர்பிஸும் காண்டம் மூடாத தோல் உரசினாலும் தொற்றும். அதனால் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல்., ஹெச்.ஐ.வி. இரண்டு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற ஹெச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடம் இருக்கிறது, இலவசம், ரகசியமாக வைப்பார்கள். போகும் முன் பேச வேண்டுமென்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒன்று. யோனி வாயின் உள்பக்கம் இரண்டு புறமும் ஒரே மாதிரி மென்மையான சின்ன முளைகள் இருந்து, ஒவ்வொன்றும் தனித்தனி அடியோடு நின்றால், அதுவும் பெரும்பாலும் இயல்புதான். அதை மரு என்று நினைத்துப் புருஷனைச் சந்தேகப்பட்டு அழுதுகொண்டு வந்த ஒரு தங்கையை என்னால் மறக்க முடியவில்லை.

நூல்கண்டு:
அக்கா, அண்ணா, இன்று காலை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வந்தேன். சீட்டு வாங்கும் இடத்தில் "தோல்" என்று மட்டும் சொன்னேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், முத்துப் பரு என்றார். ரத்தம் கொடுத்திருக்கிறேன், ரிசல்ட் நாளை மதியம். மருந்து பாட்டில் பையில்தான் இருந்தது. டாக்டரிடம் காட்டினேன், அவரே வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்.