அப்பாவின் டி-டைமர் 4-ஐத் தாண்டியது: உங்கள் வீட்டில் எப்படி இருந்தது?

2021 ஆகஸ்டில், மலேசியாவில் ஒரே நாளில் 24,000 பேருக்கு மேல் கோவிட் தொற்று வந்த அந்த வாரங்களில்தான் அப்பாவை வார்டில் சேர்த்தோம். நாங்கள் செந்தூலில் இருக்கிறோம். ஆக்சிமீட்டர் 91 காட்டுகிறது, ஆனால் அவருக்கு மூச்சு வாங்குவதே தெரியவில்லை, "நல்லாத்தானே இருக்கேன், ஏன் பதறுறீங்க" என்று கேட்கிறார். எக்ஸ்ரேயில் நிமோனியா, ஆக்சிஜனும் தேவை, ஆகவே நோயின் தீவிரத்தில் கேட்டகரி 4 என்றார்கள். யாரையும் உள்ளே விடாத காலம் அது. டாக்டரோ மிஸ்ஸியோ (நர்ஸ்) போனில் சொல்வதுதான் எங்களுக்குத் தெரியும்.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையை, அது ரத்த உறைவு பற்றியது என்பதை, அந்தப் போனில்தான் முதலில் கேள்விப்பட்டேன். 0.5-க்குக் கீழே இருக்க வேண்டியது 1.8 இருந்தது, அப்புறம் 2.6 ஆனது. அண்ணன் இணையத்தில் தேடி 2020-இல் வந்த வூஹான் ஆய்வைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். 191 நோயாளிகள், அதில் 54 பேர் இறந்துபோனார்கள், மருத்துவமனையில் சேரும்போதே 1-க்கு மேல் இருந்தவர்களுக்கு உயிராபத்து பல மடங்கு அதிகம். அவ்வளவுதான், அத்தைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அதே ஆய்வில் 1-க்கு மேல் இருந்தும் பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், அதை யாரும் படிக்கவில்லை. அது தொற்றின் தொடக்க காலம் வேறு, ஸ்டீராய்டு உயிரைக் காக்கும் என்று உறுதியாகத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான்.

டாக்டரிடம் கேட்டபோது பொறுமையாகச் சொன்னார். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது, உடம்பு அந்த வலையை அறுத்துக் கரைக்கும்போது உதிரும் துண்டுதான் டி-டைமர். கோவிட்டில் ரத்தக்குழாயின் உட்சுவரே புண்ணாகிவிடுவதால் நுரையீரலின் நுண்ணிய குழாய்களிலெல்லாம் இப்படிச் சின்னச் சின்ன உறைவுகள் உண்டாகின்றன, அதனால் எண் ஏறுகிறது. ஆனால் வயதானாலும் ஏறும், வேறு தொற்று இருந்தாலும் ஏறும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஏறும். "ஒரு நாள் எண்ணை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஏறுதா இறங்குதா, ஆக்சிஜன் எவ்வளவு தேவைப்படுது, பிளேட்லெட் எப்படி இருக்கு, எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்ப்போம்" என்றார். இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். குடும்பத்தில் ஒருவர் மட்டும் டாக்டரிடம் பேசுங்கள், எண்ணைக் கேட்டால் முந்தைய எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

சேர்த்த அன்றே ரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியைத் தொடங்கிவிட்டார்கள். அப்படியும் எண் 4-ஐத் தாண்டியது, ஆக்சிஜனும் கூடுதலாகத் தேவைப்பட்டது. சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேனில் வலது நுரையீரலில் ஓர் உறைவு தெரிந்தது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். முதலிலேயே ஏன் கூட்டவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. கூட்டினால் ரத்தக்கசிவு வரலாம். அந்த மாதமே வெளியான பெரிய பன்னாட்டு ஆய்விலும், சாதாரண வார்டில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பாரின் ஓரளவு உதவியது, ஐசியூவுக்குப் போய்விட்டவர்களுக்கு உதவவில்லை. அப்பாவுக்கு உறைவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டதால் கூட்டுவதற்குக் காரணம் இருந்தது.

முதலில் ஆக்சிஜன் தேவைதான் குறைந்தது. எண் அதற்குப் பிறகு மெல்லத்தான் இறங்கியது. வீட்டுக்கு வந்த பின்னும் மூன்று மாதம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இப்போது காலையில் பசாருக்கு நடந்தே போகிறார். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

பதில் (ஜெலுத்தோங், பினாங்கு):
எங்க அத்தாவுக்குத் தலைகீழாக நடந்தது. சேரும்போது டி-டைமர் 0.7தான், வயசுக்கு இது பெரிதில்லை என்றார்கள், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஒரு வாரத்துக்குள் இருமடங்கு, மும்மடங்கு என்று ஏறி, கிட்னியும் கெட்டு, ஐசியூவில் மவுத்தாகிவிட்டார். ஆகவே குறைந்த எண்ணைப் பார்த்தும் யாரும் அசந்துவிட வேண்டாம். இன்னொன்று, ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த இனாக்ஸாபாரின் ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுப்பது என்று தெரிந்து நாங்கள் தயங்கினோம். டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டபோது ஃபோன்டாபாரினக்ஸ் என்று முழுக்க செயற்கையாகத் தயாரிக்கும் ஊசியைக் கொடுத்தார்கள். கிட்னி கெட்ட பிறகு அதைத் தொடர முடியவில்லை, உயிர் காக்க வேறு வழியில்லாதபோது மார்க்கத்தில் அனுமதி உண்டு என்று இமாமும் சொன்னார், ஹெப்பாரினுக்கு மாற்றினார்கள். கேட்கத் தயங்காதீர்கள், கேட்டால் விளக்குகிறார்கள்.

பதில் (பிரிக்பீல்ட்ஸ்):
இருபது வருஷத்துக்கு மேல் லேப்பில் வேலை பார்த்தவள் என்பதால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 0.5 என்று போடும் லேப்பும் உண்டு, 500 என்று போடும் லேப்பும் உண்டு, ஒன்று மைக்ரோகிராம், மற்றது நானோகிராம், இரண்டும் ஒரே அளவுதான். அதோடு எஃப்இயூ, டிடியூ என்று இரண்டு அளவு முறைகள் இருக்கின்றன. ஒரே ரத்தத்தை எஃப்இயூவில் சொன்னால் டிடியூவில் வருவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வரும். வேறு மருத்துவமனைக்கு மாற்றிய அன்று எண் திடீரென்று குதித்தாலோ பாதியானாலோ, ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகும் அளவு முறையும் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.