வோல்கா, மாஸ்க்வா, டான்: இதெல்லாம் ஸ்லாவிக் பேர்தானா?

வேர்தேடி:
ஆபீஸ்ல ஒருத்தர் வோல்கா ஆறும் ஓல்காங்கற பொண்ணு பேரும் ஒண்ணுதான்னு சாதிக்கிறாரு. சிரிப்பா வருது. என்னைக் கேட்டா ரஷ்யா உக்ரைன்ல ஓடுற பெரிய ஆறு எதுக்குமே ஸ்லாவிக் (ரஷ்யன், போலிஷ் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பம்) பேர் கிடையாது. டான், டினீப்பர், டினீஸ்டர் மூணும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது பாருங்க, அது பழைய ஈரானிய மொழில ஆறுன்னு அர்த்தம், சித்தியர்ங்கற பழைய நாடோடி ஜனங்க காலத்துப் பேரு, காகசஸ்ல அதே மொழிக் குடும்பத்து ஒசேட்டியர்கள் இன்னிக்கும் தண்ணிய டோன்னுதான் சொல்றாங்க. (நம்ம தண்ணிலேர்ந்துதான் டான் வந்துச்சுன்னு யாரும் கிளம்பிடாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்.)

குளிர்காலம்:
டான் ஓகே. ஆனா "எதுக்குமே"ன்னு எப்டி அடிச்சு விடுறீங்க? ஓநாய்க்கு போலிஷ்ல வில்க், ரஷ்யன்ல வோல்க். ஈரத்துக்கு போலிஷ்ல வில்கோச். அதே கணக்குப்படி அந்த வேர் ரஷ்யன்ல எப்டி வரணும்? வோல்க்-னுதான (ஓநாய்ல k, இங்க g), அந்தப் பேர்லயே ஆறு ஓடுது. ஓல்கா வேற, ஸ்காண்டிநேவியாலேர்ந்து வந்த ஹெல்கா அது. ஆனா பழைய ஏடுகள்ல கீவ் ராணி ஓல்காவ வோல்கான்னும் எழுதியிருக்காங்க, உங்க ஆபீஸ்காரர ரொம்ப ஓட்டாதீங்க.

வேர்தேடி:
ஓநாய் கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல் வோல்கால ஸ்லாவ் ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி ஃபின்னிக் (ஃபின்னிஷ் மொழிக் குடும்பத்து) ஜனங்க இருந்தாங்க, ஃபின்னிஷ்ல வல்கேயான்னா வெள்ளை, அதுலேர்ந்து வந்துச்சுன்னும் சொல்றாங்களே. சரி அத விடுங்க, மாஸ்க்வா (மாஸ்கோ ஊருக்கும் அங்க ஓடுற ஆத்துக்கும் ரஷ்யன் பேரு)? ஃபின்னிஷுக்கு தூரத்துச் சொந்தமான கோமி மொழில வா-ன்னா தண்ணி, யூரல் பக்கம் சில்வா கோஸ்வான்னு வரிசையா ஆறு இருக்கு.

குளிர்காலம்:
கோமிக்காரங்க இருக்கறது மாஸ்கோலேர்ந்து கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. அது கூட பரவால்ல, 1147 ஆண்டுக் குறிப்புல யூரி தோல்கருக்கிங்கற ரஷ்ய இளவரசர் கூட்டாளி இளவரசனுக்கு ஆள் அனுப்பி "தம்பி, மாஸ்கோவ்-க்கு வா"ன்னு கூப்பிடுறாரு. வா எங்க போச்சு? பழைய ஸ்லாவிக்ல ஒரு வகை பெண்பால் சொல் இருந்துச்சு, எழுவாய்ல ஒரு மாதிரி, வேற்றுமைல வ் சேர்ந்துக்கும், பின்னாடி அந்த வ்-வே எழுவாய்க்கும் வந்து வா-ன்னு நின்னுடுச்சு. எழுத்துக்கு புகி, இப்போ புக்வா. பூசணிக்கு திகி, இப்போ திக்வா. பூசணிக்குள்ளயும் கோமி தண்ணி இருக்கா? நாம சொல்ற மாஸ்கோ-ல இருக்கறது அந்தப் பழைய வடிவம்தான்.

மாஸ்கோ ரிட்டர்ன்:
ரெண்டு பேருமே பால்டிக்க, அதான் லிதுவேனிய மொழிக் குடும்பத்த, மறந்துட்டீங்க. தோப்பரோவ், த்ருபச்சோவ்னு ரெண்டு ரஷ்ய மொழியியல் அறிஞர்கள் 1962ல மேல் டினீப்பர் ஆத்துப் பேர்களை அலசி பால்டிக் பேர நூத்துக்கணக்குல எடுத்துக் காட்டுனாங்க. மாஸ்க்வாவோட வேரும் பால்டிக்தான்னு தோப்பரோவ் சொன்னாரு. வால் ஸ்லாவிக் இலக்கணம், தலை வேற வீட்டுதா இருக்கலாம்ல?

அப்புறம் ஆள் பேரு ஊர் பேரு கதை இத விட ஜோரு. அங்க படிக்கப் போன புதுசுல யாரஸ்லாவ்ல்-ங்கற ஊர் போர்டைப் பார்த்து கடைசில அந்த ல் பிரிண்டிங் மிஸ்டேக்னு நெனச்சேன். வாத்தியாரம்மா சிரிச்சுட்டு, யாரஸ்லாவ் ஆள், யாரஸ்லாவ்ல் "யாரஸ்லாவோடது"ன்னாங்க, உடைமை விகுதில இருந்த ய் வ்-வோட மோதி ல்-ஐ பெத்துப் போட்டுடுச்சு. வேற்றுமைலயும் இப்டித்தான், "புஷ்கினால"ன்னு கவிஞரைச் சொன்னா புஷ்கினிம், அதே பேர் வெச்ச ஊரைச் சொன்னா புஷ்கினோம். இத மாத்தி எழுதி டெஸ்ட்ல மார்க் போச்சு, இன்னும் வயித்தெரிச்சல்.

வேர்தேடி:
சரி, பூசணிக்காய்ல தோத்துட்டேன். டானை மட்டும் விட்டுத் தரமாட்டேன்.

குளிர்காலம்:
அத யாரு கேட்டா, முதல் வரிலயே குடுத்துட்டேனே.